இரண்டாம் அடுக்குக்கு ஆள் இல்லை

கேபிளைச் செருகியது பாக்கியவதிதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அந்த ஒரு வாரம் அவர் பட்ட எரிச்சலைப் படிக்கிறவர்கள், யார் செய்த வேலையோ என்று தேடிக்கொண்டே வருவார்கள். தேட வேண்டாம்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அது நடந்தது. பாளையங்கோட்டை மார்த்தாள் நினைவு மேல்நிலைப் பள்ளியின் அலுவலகத்தில் மெயினை அணைத்துவிட்டு, பூட்டுவதற்கு முன் வழக்கம்போல எல்லா அறையையும் ஒரு சுற்றுப் பார்த்தார். சாமான்கள் வைக்கிற சின்ன அறையில், சுவரில் அடித்த பலகைமேல் ஒரு கறுப்புப் பெட்டி உண்டு. சுவிட்ச் என்று அதற்குப் பெயர். விளக்குப் போடுகிற சுவிட்ச் இல்லை. அலுவலகக் கம்ப்யூட்டர்களின் கேபிள்கள் எல்லாம் வந்து சேருகிற பெட்டி. அதில் ஒரு நீலக் கேபிளின் ஒரு முனை பெட்டியில் இருந்தது, மறுமுனை தரையைத் தொட்டுத் தொங்கியது. பெட்டியிலோ ஓர் ஓட்டை காலியாக இருந்தது. குனிந்தார், எடுத்தார், செருகினார். ‘டிக்’கென்று உட்கார்ந்தது. அந்தக் கேபிளை மற்ற கேபிள்களோடு சேர்த்துச் சணல் போட்டு அழகாகக் கட்டிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அவர் அப்படித்தான். தட்டச்சராக அந்தப் பள்ளிக்கு வந்தவர், படிப்படியாக அலுவலகக் கண்காணிப்பாளர் ஆகியிருந்தார். ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம்போல இருந்தது. அவர் மேஜையில் ரப்பர் ஸ்டாம்புகள் உயர வரிசைப்படி நிற்கும். பீரோச் சாவிகளுக்குத் தனித்தனி ஆணி. வீட்டில் கணவர் கிருபைராஜ், ரயில்வேயில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர், பேப்பரைப் படித்த இடத்திலேயே விரித்துப் போட்டுவிட்டு எழுந்து போவார். அதைத் தினமும் மடித்து வைத்துக்கொண்டே பாக்கியவதி கேட்பார்: “எடுத்த எடத்துல வைக்க கையி நோவுதோ?” கிருபைராஜ் பதில் சொன்னதில்லை. கல்யாணமான புதிதில் ஒருமுறை சொல்லிப் பார்த்தாராம்.

பாக்கியவதிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதை உயரும். சாதாரணமாக ‘தம்பி’ என்பவர் ‘சார்’ என்பார். அதற்கும் மேலே போனால் ‘தாங்கள்’ என்பார். ‘தாங்கள்’ வந்துவிட்டால் ஆசிரியர்கள் பைய நழுவி வகுப்புக்குப் போய்விடுவார்கள்.

திங்கட்கிழமை காலையில் அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டரிலும் நெட் வரவில்லை.

வேறு வாரமாக இருந்தால் பொறுத்திருக்கலாம். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியலில் திருத்தம் செய்வதற்கு அந்த வாரம்தான் கடைசி. இனிஷியல் மாறின பிள்ளைகள், பிறந்த தேதி பிழையானவர்கள், அண்ணன் போட்டோ ஏறிவிட்ட தம்பி ஒருவன் என்று நிறையப் பேர் இருந்தார்கள். எல்லாம் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். போனில் நெட் எடுத்துச் செய்யலாம் என்றால், பழைய மிஷன் கட்டடத்தின் சுவர்கள் ஒரு முழத்துக்கு மேல் கனம். உள்ளே சிக்னல் எட்டிக்கூடப் பார்க்காது.

தலைமையாசிரியர் வேதநாயகத்திடம் போய்ச் சொன்னார். அவர் நல்ல மனுஷர், மிருதுவாகப் பேசுவார், ஜெபம் அருமையாகப் பண்ணுவார். பிரச்சினை என்று எதைக் கொண்டுபோனாலும் அவரிடம் ஒரே பதில்தான்.

“நீங்க பாத்துக்கிடுங்கம்மா.”

பார்த்துக்கொள்ள முதலில் வந்தவர் இசக்கிதுரை. நெட் கொடுக்கிற கம்பெனியின் லைன் ஆள். வாசல் பக்கம் மாட்டியிருந்த மோடத்திலிருந்து, உள்ளே சுவிட்சுக்குப் போகிற கேபிளைப் பிடுங்கிவிட்டுத் தன் லேப்டாப்பைச் செருகினார். திரையில் முள் ஒன்று விர்ரென்று ஏறிப் போய் நின்றது.

“பாருங்கம்மா, நம்ம லைன் சும்மா பறக்கு.”

“பறக்குதுல்லா? அப்போ என் மேஜைக்கு ஏன் வரல?”

“அது உங்க உள்பக்கம். மோடம் வரைக்கும்தான் நம்ம பொறுப்பு. அதுக்கு அங்கிட்டு நமக்குச் சம்பந்தமில்ல.”

கேபிளைத் திரும்பச் செருகிவிட்டு, ஒரு சின்னக் கும்பிடு போட்டுப் போனார். நெட் வரவில்லை.

அடுத்து வந்தவன் சிவகணேஷ். வண்ணார்பேட்டையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற பையன். பள்ளிக் கம்ப்யூட்டர்களுக்கு எது வந்தாலும் அவன்தான். பாக்கியவதியின் திரையோரம் தெரிந்த மஞ்சள் முக்கோணத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

“ஐபி கிடைக்க மாட்டேங்கு மேடம்.”

“அப்படின்னா?”

“அட்ரஸ் மாதிரி. இந்த சிஸ்டத்துக்குன்னு ஒரு நம்பர் வரணும். அது இருந்தாத்தான் வெளிய பேச முடியும்.”

“அத யாரு குடுக்கணும்?”

“மோடம் குடுக்கணும்.”

“மோடம் பறக்குதுன்னு இப்பதான ஒருத்தர் சொல்லிட்டுப் போறாரு?”

சிவகணேஷ் சற்று யோசித்தான். “அப்போ வைரஸா இருக்கும்.”

கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் துடைத்து அழித்துவிட்டு, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினான். அதற்கு மத்தியானம் முழுக்க ஆயிற்று. முடிந்ததும் வராந்தாவில் ஒரு மூலையில் லேசாகச் சிக்னல் வருவதைக் கண்டுபிடித்து, கம்ப்யூட்டரை அங்கே தூக்கிக்கொண்டு போய் அவன் போனோடு இணைத்தான். ஒரு பக்கம் திறக்கிற அளவுக்கு நெட் வந்தது, போட்டோ ஏற்றுகிற அளவுக்கு இல்லை. “சிஸ்டம் பக்கா மேடம்” என்றான். உள்ளே கொண்டுவந்து பழைய கேபிளைச் செருகினார்கள். முக்கோணம் அதே இடத்தில் நின்றது.

பாக்கியவதி ஒரு சான்றிதழாவது அடித்து வைப்போம் என்று உட்கார்ந்தார். விரல்கள் பழகின இடத்தில் விழ, திரையில் ஆங்கில எழுத்துகள் வந்தன.

“தம்பி, தமிழ் எங்க?”

“எந்தத் தமிழ் மேடம்?”

அவர் வருஷக்கணக்காக அடித்துவந்த தட்டச்சு முறை, எழுத்துருக்கள், சான்றிதழ் மாதிரிகள் எல்லாம் துடைப்பில் போயிருந்தன. பாக்கியவதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“சிவகணேஷ் சார். தாங்கள் இப்போ வீட்டுக்குப் போகலாம்.”

மூன்றாவதாகத் தாஜ் முகம்மது வந்தார். மேலப்பாளையத்துக்காரர். அலுவலகத்துக்குக் கேபிள் இழுத்துக் கொடுத்தவர். ஒவ்வொரு கேபிளிலும் இரண்டு முனையிலும் எண் எழுதிய பட்டை ஒட்டியிருப்பார். சுத்தமான வேலைக்காரர் என்பதால் பாக்கியவதிக்கு அவர்மேல் ஒரு மதிப்பு. எண் போட்ட கேபிள்களை ஒவ்வொன்றாகச் சுவிட்சிலிருந்து பிடுங்கி, ஒரு சின்னக் கருவியில் மாட்டி, விளக்குகள் வரிசையாக எரிவதைக் காட்டிவிட்டு அதே இடத்தில் திரும்பச் செருகினார்.

“எட்டுக் கம்பிக்கும் எட்டு லைட்டு. ஒண்ணுகூட அறுபடல பாருங்கக்கா. நம்ம கேபிள்ல யாரும் குத்தம் சொல்ல முடியாது.” பிறகு சணல் கட்டைத் தடவிப் பார்த்தார். “இது யாரு கட்டுனது? நல்லாருக்கே.”

“நாந்தான் பாய்” என்றார் பாக்கியவதி. அந்த வாரத்தில் அவர் முகம் மலர்ந்த ஒரே சந்தர்ப்பம் அது.

பள்ளிக்கான மென்பொருள் கொடுத்த சென்னைக் கம்பெனிக்கும் போன் போட்டார். பாட்டு ஓடி முடிந்து ஒரு பெண் பேசினாள். “எங்க சர்வர் நல்லா ரன் ஆகுது மேம். மத்த ஸ்கூல்ஸ் எல்லாம் யூஸ் பண்ணிட்டுதான் இருக்காங்க. உங்க சைடுல ஒருவாட்டி செக் பண்ணிடுங்க.”

ஒருவராவது பொய் சொல்லியிருந்தால் பாக்கியவதி பிடித்திருப்பார். பொய் பிடிப்பதில் அவர் கெட்டிக்காரர். காய்ச்சல் என்று லீவு எழுதினவர் எந்தக் கல்யாண மண்டபத்தில் சாப்பிட்டார் என்று சொல்லிவிடுவார். இங்கே எல்லோரும் உண்மை சொன்னார்கள். லைன் சரி, கம்ப்யூட்டர் சரி, கேபிள் சரி, சென்னையும் சரி. இத்தனை சரியும் சேர்ந்து அவர் மேஜைக்கு ஒன்றும் வரவில்லை.

வேறு வழியில்லாமல் மார்க்கெட் பக்கம் ஆரிப் நடத்துகிற கணினி மையத்துக்குப் போனார். சாதிச் சான்றிதழுக்கு வந்தவர்கள், பட்டாவுக்கு வந்தவர்கள், ஆதாரில் அப்பா பெயரைத் திருத்த வந்தவர்கள் என்று நாற்காலி காலியில்லை. “உக்காருங்க டீச்சர், இந்தா முடிஞ்சிரும்” என்று ஆரிப் எல்லோருக்கும் சொல்வதையே அவருக்கும் சொன்னான். ‘நான் டீச்சர் இல்லை’ என்று சொல்லப்போய், சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நின்றுகொண்டார். இடம் கிடைத்தபோது கீபோர்டில் பஜ்ஜி எண்ணெய். கைக்குட்டையால் ஒவ்வொரு பொத்தானாகத் துடைத்தார். துடைத்து முடித்து நாலைந்து பிள்ளைகளின் திருத்தம் ஏற்றுவதற்குள் கரண்ட் போய்விட்டது. மறுநாளும் போனார். அண்ணன் போட்டோவில் இருந்த பையனைத் தேடி எடுத்த நேரத்தில், பின்னால் நின்ற ஆள் தோளுக்குமேல் எட்டிப் பார்த்து, “இந்தப் பையன் நம்ம கொக்கிரகுளத்து முருகேசன் மவன்லா?” என்று விசாரிக்க ஆரம்பித்தார்.

வியாழக்கிழமை மத்தியானச் சாப்பாட்டின்போது கணினி ஆசிரியை விஜயஸ்ரீ அலுவலகத்துக்கு வந்தாள். களக்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். கம்ப்யூட்டர் லேபுக்கு, பாடத்துக்கான தளங்கள் தவிர வேறொன்றும் திறக்காத தனி லைன் என்பதால் அவளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை, அலுவலகத்துக்கு ஒரு உதவியும் இல்லை. அதுவே பாக்கியவதிக்கு எரிச்சலாக இருந்தது.

“ஏட்டி விஜி, ஒண்ணு கேக்கேன். வாரவன் பூராவும் ‘எம் பக்கம் சரி, எம் பக்கம் சரி’ங்கான். மொத்தம் எத்தன பக்கம்தான் இருக்கு இதுல?”

“பக்கம் இல்லக்கா, அடுக்கு. இந்த வாரம் பன்னெண்டாப்புக்கு அதான் நடத்துதேன்.”

“சொல்லு.”

விஜயஸ்ரீ தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாள். புத்தகத்தில் ஏழு அடுக்கு போட்டிருக்கும். நடைமுறையில் ஐந்து என்று வைத்துக்கொள்ளலாம். அடியில் இருப்பது கம்பியும் அதில் ஓடுகிற மின்சாரமும், அல்லது கண்ணாடி இழையில் ஓடுகிற வெளிச்சமும். அதற்கு மேலே இரண்டாவது, ஒரே கட்டடத்துக்குள் இருக்கிற கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் அடையாளம் கண்டு பேசிக்கொள்வது. மூன்றாவதில்தான் அந்த ஐபி முகவரி. பாளையங்கோட்டையிலிருந்து சென்னைக்கு எந்த வழியாகப் போவது என்கிற விஷயம். நான்காவது, அனுப்பினது முழுசாகப் போய்ச் சேர்ந்ததா, நடுவில் எது விழுந்தது, விழுந்ததை மறுபடி அனுப்பு என்று கவனிப்பது. உச்சியில் நாம் கண்ணால் பார்க்கிற இணையதளம், மெயில் எல்லாம்.

“ஒவ்வொரு அடுக்குக்கும் நெறிமுறைன்னு ஒண்ணு உண்டுக்கா. யாரு மொதல்ல பேசணும், எப்படி ஆரம்பிக்கணும், கேட்டுச்சுன்னா எப்படிச் சொல்லணும்னு முன்னாலயே பேசி வச்சிக்கிட்ட ஒப்பந்தம். ஒரு அடுக்கு தன் வேலைய மட்டும்தான் பாக்கும். கீழ உள்ளது எப்படிச் செய்யுதுன்னு கேக்காது. சரியாத்தான் செய்யும்னு நம்பிக்கிடும். அதனாலதான் கம்பிய மாத்திட்டுக் கண்ணாடி இழை போட்டாலும் மேல ஒண்ணையும் மாத்த வேண்டாம். அதான் இதுல அழகே.”

“அழகா?” என்றார் பாக்கியவதி. “நாலு நாளா நான் தெருவுல நிக்கேன். அடுத்தவன் செஞ்சிருப்பான்னு ஒவ்வொருத்தனும் நம்பிக்கிட்டு இருக்கதுக்குப் பேரு அழகா?”

விஜயஸ்ரீ சோற்றைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

“நீ வந்து ஒரு கை பாரேன்.”

“எனக்குப் பாடமாத்தான்க்கா தெரியும். பெட்டியத் தொறந்து பாத்ததில்ல. நான் தொட்டு இன்னும் எதாவது கெட்டுப்போச்சுன்னா?”

இன்னும் கெடுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அவளும் உண்மையைத்தான் சொல்கிறாள்.

வீட்டுக்குப் போனபிறகும் அது மனதில் ஓடிக்கொண்டிருந்தது. விரித்துக் கிடந்த பேப்பரை மடிக்காமல் தாண்டிப் போனார். கிருபைராஜ் பயந்துபோய் அவரே எடுத்து மடித்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் பாக்கியவதி ஒரு காரியம் செய்தார். மூன்று பேருக்கும் தனித்தனியாகப் போன் செய்து, “ஒரு நிமிசம் வந்துட்டுப் போங்க” என்று மட்டும் சொன்னார். மற்றவர் வருவதை ஒருவருக்கும் சொல்லவில்லை. இசக்கிதுரையும் சிவகணேஷும் தாஜ் முகம்மதும் அலுவலகத்தில் ஒருவரையொருவர் பார்த்ததும், கல்யாண வீட்டில் பங்காளிகள் சந்தித்துக்கொண்டதுபோல இறுக்கமாகத் தலையசைத்தார்கள். விஜயஸ்ரீயையும் வகுப்பில்லாத நேரம் பார்த்து வரச்சொல்லியிருந்தார்.

“தாங்கள் எல்லாரும் உக்காருங்க” என்றார் பாக்கியவதி. பக்கத்து மேஜைக் கிளார்க் மெதுவாக எழுந்து வெளியே போனார்.

“யார் மேலயும் குத்தம் சொல்லக் கூப்பிடல. ஒரு கேள்விதான். அஞ்சு அடுக்கு இருக்காமே. டீச்சர் சொல்லுவா. எது யாருதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க.”

விஜயஸ்ரீ, பரீட்சை எழுத வந்தவள்போல நின்றுகொண்டு சொன்னாள். “ஒண்ணாவது, கம்பி.”

“வாசல் வரைக்கும் நம்மது” என்றார் இசக்கிதுரை.

“உள்ள நம்மது” என்றார் தாஜ் முகம்மது.

“மூணாவது, முகவரியும் வழியும்.”

“மோடம் குடுக்கது. அதுவும் நம்மதுதான்” என்றார் இசக்கிதுரை.

“நாலும் அஞ்சும் சிஸ்டத்துக்குள்ள” என்றான் சிவகணேஷ். “அது நான். வெப்சைட்டுன்னா சென்னைக்காரங்க.”

பாக்கியவதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “ரெண்டாவத ஏன்டி விட்டுட்ட?”

“இல்லக்கா, சொல்ல வந்தேன். ரெண்டாவது, உள்ளுக்குள்ள ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிடுதது. இங்கன அது அந்த சுவிட்ச்.”

மூன்று ஆண்களும் ஆளுக்கொரு பக்கத்து நாற்காலியைப் பார்த்தார்கள்.

“சுவிட்ச் யாரு பாக்கது?” என்றார் பாக்கியவதி.

“நாம கேபிள் மட்டும்தான்க்கா இழுத்தோம். பெட்டி ஸ்கூல்லயே வச்சிருந்தீங்க” என்றார் தாஜ் முகம்மது.

“நான் பலகையில ஸ்குரூ மட்டும்தான் போட்டேன் மேடம். அது பழைய மாணவர் சங்கத்துல அன்பளிப்பா குடுத்தது” என்றான் சிவகணேஷ்.

“மோடத்துக்கு அங்கிட்டு…” என்று இசக்கிதுரை ஆரம்பித்தார். பாக்கியவதி பார்த்த பார்வையில் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“சரி. யாரும் பாக்காத எடத்துலதான் பாக்கணும். எந்திரிங்க.”

அந்தச் சின்ன அறையில் ஐந்து பேர் நிற்க இடமில்லை. கிழிந்த வரைபடங்களையும் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிகளையும் தள்ளிக்கொண்டு நின்றார்கள். பெட்டியில் பச்சை விளக்குகள் எல்லாம் ஒரே மூச்சில் படபடவென்று துடித்தன.

“அன்னைக்கே பாத்தேன்” என்றார் தாஜ் முகம்மது. “ரொம்ப மும்முரமா வேல செய்யுதேன்னு நெனச்சேன்.”

“வேலையா? அலுவலகத்துல ஒருத்தருக்கும் நெட் இல்ல. எதுக்கு இத்தன மும்முரம்?” என்றார் பாக்கியவதி. அவர் எரிச்சலில் கேட்டதுதான், ஆனால் மூன்று ஆண்களும் முதன்முறையாகத் திரும்பி அந்த விளக்குகளை உற்றுப் பார்த்தார்கள்.

“ஒவ்வொண்ணா பிடுங்குங்க பாய். திருப்பிச் சொருகாதீங்க. எதப் பிடுங்கினா அடங்குதுன்னு பாப்போம்” என்றார் பாக்கியவதி.

தாஜ் முகம்மது ஒன்று, இரண்டு என்று எண்பட்டைப்படியே பிடுங்கிக்கொண்டு வந்தார். விளக்குகளின் துடிப்பு அடங்கவில்லை. எண் போட்டதெல்லாம் வெளியே வந்த பிறகும் இரண்டு விளக்கு மட்டும் வெறிபிடித்ததுபோல எரிந்துகொண்டிருந்தது. அந்த இரண்டு ஓட்டையிலும் எண் இல்லாத நீல முனைகள். ஒன்றைப் பிடுங்கினார். இரண்டும் சேர்ந்து அணைந்தன.

தாஜ் முகம்மது சணல் கட்டை அவிழ்த்து, கையிலிருந்த முனையிலிருந்து கேபிளை விரலால் தடவிக்கொண்டே போனார். கட்டுக்குள் ஒரு சுற்றுப் போய் அது அதே பெட்டிக்கே திரும்பி வந்தது.

“ரெண்டு முனையும் இதுலயே இருக்கு” என்றார்.

மற்றவற்றைத் திரும்பச் செருகினார்கள். விளக்குகள் ஒவ்வொன்றாக, மூச்சு வாங்கி வாங்கி, நிதானமாகக் கண்சிமிட்டின. அலுவலகத்திலிருந்து கிளார்க் கத்தினார்: “வந்துட்டு! நெட் வந்துட்டு!”

விஜயஸ்ரீக்கு இப்போது தைரியம் வந்துவிட்டது. “அக்கா, ஒரு கம்ப்யூட்டருக்கு யாருகிட்ட கேக்கணும்னு தெரியலன்னா, ‘இந்த முகவரி யாருது?’ன்னு பொதுவா ஒரு கேள்வி விடும். சுவிட்ச் அத எல்லா ஓட்டையிலயும் வெளிய அனுப்பும். இந்தக் கேபிள் வழியா வெளிய போனது அப்படியே உள்ள வந்திருக்கு. வந்தத மறுபடி எல்லாத்துலயும் அனுப்பியிருக்கு. மூணாவது அடுக்குல ஒவ்வொரு செய்திக்கும் ஒரு ஆயுசு உண்டு, ஒவ்வொரு கை மாறும்போதும் ஒண்ணு குறையும், தீந்தா செத்துரும். ரெண்டாவதுல அது கெடையாது. ஒரே கேள்வி தெனமும் காலையில மெயினப் போட்டதுல இருந்து சுத்திக்கிட்டே இருந்திருக்கு. வேற ஒண்ணுக்கும் வழி விடல.”

“சாகாத கேள்வி” என்றார் பாக்கியவதி வறட்சியாக.

அதற்குள் தலைமையாசிரியர் வேதநாயகம் கிளார்க்கின் சத்தம் கேட்டு வந்துவிட்டார். விஷயம் சொல்லப்பட்டது. அவர் முகத்தில் ஒரு கண்டிப்பு வந்தது. அபூர்வமாக வருவது, வந்தால் எளிய ஆள்மேல்தான் இறங்கும்.

“இந்த ரூமைப் பெருக்குதது யாரு? கோமுதான? ஏ கோமு!”

வராந்தாவில் தண்ணீர்க் குடத்தோடு போய்க்கொண்டிருந்த கோமு வந்து நின்றாள். பள்ளியைப் பெருக்குகிறவள்.

“பெருக்குத வேலைக்கு வந்தா பெருக்கணும். கண்ட வயரையும் எடுத்து ஏன் சொருகுத? ஒரு வாரமா பிள்ளைங்க வாழ்க்கையில வெளையாடிட்டியே!”

“நான் தொடலயே சாரு.”

“தொடாம அதுவா போயிச் சொருகிக்கிட்டா?”

பாக்கியவதி அந்த நீல முனையைத் தாஜ் முகம்மதுவின் கையில் பார்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை சாயங்காலம், டிக்கென்ற சத்தம், சணல் எல்லாம் ஒன்றாக வந்தது. பிறகு வந்தது வெட்கமா எரிச்சலா என்று அவருக்கே தெரியவில்லை.

“அவள விடுங்க சார். நாந்தான் சொருகினேன்.”

“நீங்களா?”

“நாந்தான். தொங்கிக்கிட்டுக் கெடந்துது. பக்கத்துல ஓட்டை காலியா இருந்துது. சொருகி, கட்டியும் வச்சேன்.” மூன்று ஆண்களின் பக்கம் திரும்பினார். “ஒண்ணு கேக்கேன், சொல்லுங்க. சொருகக்கூடாதுன்னா அது ஏன் அங்கன பொருந்துது? தப்பான சாவி பூட்டுக்குள்ள போகாதுல்லா? இது மட்டும் வா வான்னு உள்ள வாங்கிக்கிட்டு, அப்புறம் ஊரையே நிறுத்துமா?”

யாரும் சிரிக்கவில்லை. இசக்கிதுரைதான் பதில் சொன்னார். “நியாயமான கேள்விதாம்மா. நல்ல சுவிட்ச்னா அதுக்குன்னு ஒரு நெறிமுறை வச்சிருப்பான். பெட்டி அப்பப்போ ஒரு சேதி அனுப்பிப் பாக்கும். அனுப்புனது தனக்கே திரும்பி வந்தா, வட்டம் விழுந்திருக்குன்னு அந்த ஓட்டைய அதுவே அடைச்சிரும். இது சாதாரணப் பெட்டி. அந்த வசதி இல்ல.”

“அப்போ தொங்க விட்டது யாரு?”

சிவகணேஷ் தலையைச் சொறிந்தான். “அது என் கேபிள்தான் மேடம். போன மாசம் லேப்டாப்ப வச்சு சோதிச்சுப் பாத்தேன். எடுக்க மறந்துட்டேன்.”

பாக்கியவதி அவனிடம் என்ன சொன்னார் என்பதை எழுதவேண்டியதில்லை. ‘தாங்கள்’ பலமுறை வந்தது. அன்று மத்தியானமே உட்கார்ந்து அவன் அவருடைய தமிழைத் திரும்ப ஏற்றிக் கொடுத்தான். சாயங்காலத்துக்குள் எல்லாப் பிள்ளைகளின் திருத்தமும் ஏறிவிட்டது. தம்பி தம்பியின் முகத்தோடேயே தேர்வெழுதினான்.

கதை அங்கே முடிந்திருக்கலாம். கோமு முடிக்கவிடவில்லை.

பாக்கியவதி அன்றைக்கே தலைமையாசிரியர் அறைக்குப் போய், “சார், கோமுட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க” என்றார். வேதநாயகம் மிருதுவாகச் சிரித்தார். “அதெல்லாம் அவ மறந்திருப்பாம்மா. பெருசு பண்ணாதீங்க. ஆங், சொல்லணும்னு நெனச்சேன், இனிமே அந்த சுவிட்ச் உங்க பொறுப்பு. நீங்களே பாத்துக்கிடுங்க.”

வெளியே வந்து கோமுவைத் தேடிப்போய்ப் பாக்கியவதியே பேசினார். “நான் செஞ்சதுக்கு நீ ஏச்சு வாங்கிட்ட. மனசுல வச்சிக்கிடாத.”

கோமு துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். “நீங்க அப்பமே சொல்லிட்டீகளேம்மா. உங்க மேல என்ன? ஏசுனவருல்லா சொல்லணும்.” பிறகு, “அந்த ரூமுக்கு மட்டும் இனிமே நான் வரமாட்டேன். சாவிய நீங்களே வச்சிக்கிடுங்க” என்றாள்.

ஏசியவர் சொல்லவில்லை. பாக்கியவதி இன்னும் இரண்டு தடவை நினைவூட்டிப் பார்த்தார். இரண்டு தடவையும் அவர் ஜெபத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். கோமுவும் இறங்கி வரவில்லை. வேறு ஆளை அனுப்பலாம் என்றால் கோமுவுக்கு அது இன்னொரு குத்தலாகும் என்று பாக்கியவதிக்குப் பட்டது. அதனால் ஓய்வு பெறுகிறவரை வாரத்துக்கொரு நாள், கண்காணிப்பாளர் பாக்கியவதி முந்தானையை இழுத்துச் செருகி, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, அந்த அறையை அவரே பெருக்கினார். தூசி அவருக்கு ஆகாது. பெருக்கின அன்றைக்கு வீட்டுக்குப் போகிறவரை தும்மிக்கொண்டிருப்பார்.

பழைய மாணவர் சங்கத்தில் பேசி, இசக்கிதுரை சொன்ன நெறிமுறை உள்ள பெட்டி ஒன்றையும் வாங்க வைத்தார். அதை மாட்ட வந்த அன்று இசக்கிதுரை கதவைத் தள்ளினால், உள்ளே புழுதிக்கு நடுவில் துடைப்பத்தோடு பாக்கியவதி.

“என்னம்மா, நீங்களா பெருக்குதீங்க?”

“ஆமா” என்றார், ஒரு தும்மலுக்கும் அடுத்த தும்மலுக்கும் நடுவில். “அங்கன ஓரமா நில்லுங்க. மிதிச்சு மறுபடி புழுதியாக்கிராதீங்க.”